ஐந்தும் சேவல்

வேலப்பன்சாவடியில், பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இரைச்சல் கொஞ்சம் அடங்குகிற ஓர் உட்தெருவில் எங்கள் வீடு. எதிர்வீட்டு அக்காவுக்குப் பின்கட்டில் ஒரு முருங்கை மரமும், துவைக்கிற கல்லும், பத்தடிக்குப் பதினைந்தடி மண்தரையும் உண்டு. சென்னையின் மேற்குப் புறநகரில் இது இன்று பெரிய சொத்து. அந்த மண்தரையை வீணாக்கக் கூடாது என்று அவர் கோழி வளர்க்க ஆரம்பித்தார்.

டிவிஎஸ் 50 வண்டியின் பின்னால் கூடை கட்டி வந்தவரிடம் எட்டுக் குஞ்சுகள் வாங்கினார். "சுத்த நாட்டுக்கோழிம்மா, சிறுவிடை" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார் அவர். எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல வெளிர்மஞ்சள் நிறம். இரண்டைக் காக்கை தூக்கியது, ஒன்றைப் பூனை பிடித்தது, மிச்சம் ஐந்து தேறின. ஐந்தும் வெள்ளை இறகு, சிவந்த பெரிய கொண்டை, மஞ்சள் கால் என்று வளர்ந்தன. நான்காம் மாதம் ஒன்று கூவியது. அடுத்த பத்து நாளில் ஐந்தும் கூவின. மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து பேசிவிட்டுப் போனார்.

"அஞ்சும் சேவலாப் போச்சு தம்பி. என் ராசி அப்படி" என்றார் அக்கா.

ராசியா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரித்தெடுக்காத குஞ்சுகளில் பாதி சேவல், பாதி பெட்டை. ஒரு குஞ்சு சேவலாக இருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஐந்துமே சேவலாக இருக்க வாய்ப்பு முப்பத்திரண்டில் ஒன்று. நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் அதே வண்டிக்காரரிடம் அதே நாளில் வாங்கிய பக்கத்துத் தெருக்காரருக்கும் நாலும் சேவல் என்று தெரிந்தபோது, கணக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று ஆனது. இதற்குமேல் ராசியைக் குறை சொல்வது நியாயமில்லை. அந்தக் கூடைக்குள் பெட்டையே இருந்திருக்காது.

முட்டைப் பண்ணைக்குத் தேவைப்படாத பாதி

கோழிப்பண்ணைத் தொழிலில் இரண்டு தனித்தனிக் குடும்பங்கள் உண்டு. கறிக்கு வளர்ப்பது பிராய்லர், முட்டைக்கு வளர்ப்பது லேயர். பிராய்லர் ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொடும். லேயர் உடம்பு வைக்காது, தின்ற தீவனத்தையெல்லாம் முட்டையாக்கும். நாமக்கல் பண்ணைகளில் வருடத்துக்கு முந்நூறு முட்டைக்கு மேல் இடுகிற வெள்ளைக் கோழிகள், இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தின் பெயரைக் கொண்ட வெள்ளை லெகார்ன் இனத்தின் வழிவந்தவை.

லேயர் குடும்பத்தில் பிறக்கிற சேவல் குஞ்சு முட்டையிடாது, கறியும் சீக்கிரம் பிடிக்காது. அதனால் பொரிப்பகத்தில் ஒரு நாள் வயதிலேயே குஞ்சுகளை ஆண், பெண் எனப் பிரித்துவிடுவார்கள். பெட்டைகள் தடுப்பூசி போட்டுக்கொண்டு பண்ணைக்குப் போகும். சேவல்கள் கழிவு. உலகின் பெரும்பாலான பொரிப்பகங்களில் அவற்றை அன்றே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனி 2022 தொடக்கத்தில் அந்த வழக்கத்தைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. நம் ஊரில் ஒரு பகுதி கூடையில் ஏறித் தெருவுக்கு வருகிறது. கோயில் திருவிழாவில் பச்சை, ரோஸ், ஊதா என்று சாயம் முக்கி விற்ற 'கலர் கோழிக்குஞ்சு' நினைவிருக்கிறதா? அது பெரும்பாலும் இந்தக் கழிவுச் சேவல்தான். சாயம் பூசாமல் விற்கும்போது அதற்கு 'நாட்டுக்கோழி' என்று பெயர்.

ஒரு நாள் குஞ்சை எப்படி ஆண், பெண் பிரிக்கிறார்கள்? எச்சத்துவாரத்தை மெல்லப் பிதுக்கி உள்ளே இருக்கும் மிகச் சிறிய புடைப்பைப் பார்க்கும் முறையை 1920களில் ஜப்பானியர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்குக் கைத்தேர்ச்சி வேண்டும். அதைவிட எளிய வழி மரபணுவில் இருக்கிறது. மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது அப்பாவின் விந்தணு. கோழியில் அது தலைகீழ். சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெட்டைக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. எனவே பெட்டைக் குஞ்சுக்கு இசட் அப்பாவிடமிருந்து மட்டுமே வரும். இறகு மெதுவாக முளைக்கச் செய்யும் மரபணு ஒன்று இந்த இசட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வேகமாக இறகு முளைக்கும் சேவலையும் மெதுவாக முளைக்கும் பெட்டையையும் இணை சேர்த்தால், மகள்களுக்கெல்லாம் வேகம், மகன்களுக்கெல்லாம் மந்தம். குஞ்சின் இறக்கையை விசிறிபோல் விரித்தால், நீண்ட இறகு தெரிவது பெட்டை, எல்லாம் ஒரே அளவாக இருப்பது சேவல்.

பழுப்பு லேயரில் இன்னும் சுலபம். அங்கே இசட்டின் மேல் இருக்கும் இறகு நிற மரபணுவை வைத்து இணை சேர்க்கிறார்கள். பழுப்பாகப் பொரிவது மகள், வெளிர் நிறமாகப் பொரிவது மகன். அக்காவின் குஞ்சுகள் வெள்ளை லேயரின் மகன்கள். காதுமடலும் அதற்கு ஓர் அடையாளம். லெகார்ன் வழிவந்த கோழிக்குக் காதுமடல் வெள்ளை.

முட்டை உண்டு, அடை இல்லை

சேவல்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அடுத்த முறை அக்கா உஷாராகிவிட்டார். குஞ்சே வேண்டாம் என்று, வளர்ந்த பெட்டைகள் இரண்டை வாங்கி வந்தார். செம்பழுப்பு நிறம், பார்க்க அச்சு அசல் கிராமத்துக் கோழி. விற்றவர் சொன்னதும் அதே வார்த்தை: நாட்டுக்கோழி. முட்டைக்குக் குறைவில்லை. நாள் தவறாமல் இட்டன. ஆனால் அக்காவுக்கு வேண்டியது முட்டை மட்டுமல்ல. ஒரு கோழி அடைக்குப் படுத்து, குஞ்சு பொரித்து, அவற்றை இழுத்துக்கொண்டு முற்றத்தில் கிளறித் திரிய வேண்டும். "ஆறு மாசமாச்சு, ரெண்டும் அடைக்கே படுக்கமாட்டேங்குது. சாமி குத்தமா?" என்று கேட்டார். திருவேற்காடு கருமாரிக்கு வேண்டுதல் வைக்கிற அளவுக்குப் போய்விட்டது.

சாமி குற்றம் இல்லை, புரோலாக்டின் குறைவு. பாலூட்டும் தாய்மாருக்குப் பால் சுரக்கச் செய்கிற அதே ஹார்மோன்தான் கோழியை அடையில் உட்கார வைக்கிறது. பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் நாட்டுக்கோழியின் உடம்பில் இது ஏறும். ஏறியதும் முட்டையிடுவது நிற்கும், வயிற்று இறகு உதிரும், கிட்டப் போனால் சிலிர்த்துக்கொண்டு உறுமும். 21 நாள் அடை, பிறகு குஞ்சு வளர்ப்பு என ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மூன்று மாதம் முட்டை கிடையாது. நாட்டுக்கோழி வருடத்துக்கு அறுபது எழுபது முட்டையோடு நின்றுவிடுவதற்கு இதுவே பெரிய காரணம். முட்டை வேண்டுமென்று அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கியெடுக்கும் கிராமத்துப் பாட்டிக்கு ஹார்மோன் தெரியாது. கோழியின் சூட்டைத் தணித்தால் அடை கலையும் என்று தெரியும்.

பாட்டி ஒரு கோழிக்குச் செய்ததைப் பண்ணை இனவிருத்தியாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். அடைக்குப் படுக்காத கோழிகளின் வம்சத்தையே தொடர்ந்து தேர்ந்தெடுத்தார்கள். அடைகாக்கும் வேலையை இன்குபேட்டர் எடுத்துக்கொண்டது. அக்காவின் இரண்டு கோழிகளும் அந்த வம்சம். பண்ணையில் உச்ச முட்டைக்காலம் முடிந்து கழித்துவிட்ட பழுப்பு லேயர்கள் கிராமத்து வேடம் போட்டு வந்திருக்கின்றன. அவற்றிடம் அடை கேட்பது, ஓய்வுபெற்ற பஸ் டிரைவரிடம் மாடு பூட்டச் சொல்வது மாதிரி.

கடையில் 'நாட்டுக்கோழி முட்டை' என்று கூடுதல் விலைக்கு விற்கும் பழுப்பு முட்டைக்கும் இதே கதைதான். ஓட்டுக்குப் பழுப்பு தருவது புரோட்டோபோர்ஃபைரின் என்ற நிறமி. ஓடு உருவாக ஏறத்தாழ இருபது மணி நேரம் ஆகும், அதன் கடைசி சில மணி நேரத்தில் இந்த நிறமி மேலே படிகிறது. அதைத் தீர்மானிப்பது கோழியின் பரம்பரை. சத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மஞ்சள் கருவின் அழுத்தமான நிறம் தீவனத்தில் உள்ள நிறமியால் வருவது. ஒரு தட்டு முப்பதும் ஒரே அளவில், ஒரே அடர் பழுப்பில் இருந்தால் அது பண்ணைக் கோழியின் முட்டை. முற்றத்துக் கோழிகளின் முட்டையில் ஒன்று வெளிர், ஒன்று சந்தனம், ஒன்று சின்னது என்று கலந்துதான் வரும்.

கால் மஞ்சளாக இருந்தால் பண்ணைக் கோழி, நாட்டுக்கோழி அல்ல என்று சிலர் சொல்வார்கள். அதையும் பார்த்துவிடலாம். நாம் வளர்க்கும் கோழியின் முதன்மை மூதாதை தென்கிழக்காசியக் காடுகளின் சிவப்புக் காட்டுக்கோழி. அதற்குக் கால் மஞ்சள் இல்லை. தீவனத்தில் வரும் மஞ்சள் நிறமியை உடைக்கும் நொதி ஒன்று அதன் தோலில் வேலை செய்கிறது. மஞ்சள் கால் உள்ள கோழிகளில் அந்த நொதியின் மரபணு தோலில் மட்டும் அணைந்து கிடக்கிறது, அதனால் நிறமி தங்கிவிடுகிறது. இந்த அணைந்த மரபணு சிவப்புக் காட்டுக்கோழியிடமிருந்து வரவில்லை, சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று 2008இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. சாம்பல் காட்டுக்கோழி நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவை. அமெரிக்கப் பிராய்லரின் மஞ்சள் காலில் இருப்பது தென்னிந்தியக் காட்டின் கையெழுத்து. மஞ்சள் காலை வைத்து 'சீமைக்கோழி' என்று ஒதுக்குவது எவ்வளவு பெரிய தமாஷ்!

கருங்கோழியின் மகள்

மூன்றாவது முறை அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. ஒரு கூண்டில் கருகருவென்று ஒரு பெட்டை. கொண்டை கருப்பு, கால் கருப்பு, நாக்கைக்கூடப் பிரித்துக் காட்டினார் விற்றவர். "கடக்நாத் சார், ஒரிஜினல். ரத்தமே கருப்பா இருக்கும்."

அந்தக் கடைசி வார்த்தையிலேயே பேரம் முடிந்திருக்க வேண்டும். கடக்நாத்தின் ரத்தம் மற்ற எல்லாக் கோழியையும்போல் சிவப்பு. முட்டையும் கருப்பல்ல, வெளிர் பழுப்புதான். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியில் பீல் பழங்குடியினர் வளர்த்துவந்த இந்தக் கோழியின் இறைச்சிக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதோடு விலையும் ஏறியது, போலியும் பெருகியது.

சரி, ரத்தத்தை விடுவோம். தோலும் நாக்கும் கருப்பாக இருப்பது உண்மைதானே, அது போதாதா? போதாது. இதுவே இந்த அத்தியாயத்தின் மையம்.

கடக்நாத்தின் 20ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி இரட்டித்துக் கிடக்கிறது. அதனால் நிறமிச் செல்களைப் பெருக்கும் ஒரு மரபணு அளவுக்கு மீறி வேலை செய்து, தோல், எலும்பின் உறை, உள்ளுறுப்பு என்று எங்கும் கருமை பரவுகிறது. சீனத்தின் சில்கி கோழியிலும் இந்தோனேசியாவின் ஆயம் செமானியிலும் இருப்பது இதே மாற்றம். இதன் ஒரு பிரதி இருந்தாலே கருமை தோன்றும். அதை அடக்கும் இன்னொரு மரபணு இசட் குரோமோசோமில் இருக்கிறது. வெளுத்த கால் உள்ள சாதாரணக் கோழிகளிடம் அந்த அடக்கி உண்டு, கருங்கோழியிடம் இல்லை.

இப்போது கருஞ்சேவலையும் வெளுத்த கால் பெட்டையையும் சேர்ப்போம். மகன்களுக்குத் தாயின் இசட் வழியாக அடக்கி வந்துவிடும், அவை வெளிறிப் பிறக்கும். மகள்களுக்கு இசட் அப்பாவிடமிருந்து மட்டுமே என்று முன்பே பார்த்தோம். அவற்றுக்கு அடக்கி இல்லை. மகள்கள் அப்பாவைப்போலவே கருகருவென்று பிறக்கும். பாதி ரத்தம், முழு நிறம். சில்கியையும் லெகார்னையும் இணை சேர்த்து இந்தப் புதிரை மரபியலாளர்கள் பேட்சனும் புன்னெட்டும் 1911இலேயே பிரித்துக் காட்டிவிட்டார்கள். கடக்நாத் சேவல் ஒன்றை வைத்துக்கொண்டு, எந்தப் பெட்டையோடு விட்டாலும் 'ஒரிஜினல்' பெட்டைகளைத் தயாரிக்கலாம் என்பதற்கான செய்முறை நூறாண்டுக்கு மேலாக நூலகத்தில் இருக்கிறது.

சண்டைக்கோழி இனமான அசில் வாங்குவோருக்கும் இந்தக் கண்ணிதான். அசிலுக்குக் கொண்டை குட்டையாக, தலையோடு அமுங்கி இருக்கும். அந்தக் கொண்டைக்கான மரபணுவும் ஒற்றைப் பிரதியிலேயே முகம் காட்டும். பாதி அசிலும் அசில்போலவே தெரியும். மொட்டைக்கழுத்துக்கும் அதே கதை. நாம் 'இன அடையாளம்' என்று கண்ணால் பார்ப்பவை பெரும்பாலும் இப்படி ஒற்றை மரபணுவின் வேலை. முட்டை எண்ணிக்கை, அடை, வளர்ச்சி, நோய்த்தாங்கும் சக்தி, குணம் ஆகியவற்றை நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அவை கூண்டுக்கு வெளியே நின்று பார்த்தால் தெரியாது. கோழியைப் பார்த்து இனத்தைச் சொல்ல முடியாது. அதன் தாய் தந்தையைத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

அக்கா அந்தக் கோழியை வாங்கவில்லை.

நல்ல இடம் என்றால் என்ன

அதனால் நல்ல கோழி தேடுவதைவிட நல்ல விற்பனையாளரைத் தேடுவதே வேலை. அரசுப் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் முற்றத்துக்கென்றே கலப்பினங்களை உருவாக்கியிருக்கின்றன. ஐதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகத்தின் வனராஜா, கிராமப்பிரியா, பெங்களூரின் கிரிராஜா, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழிகள் எல்லாம் அந்த வகை. சென்னை நந்தனத்தில் கோழியின ஆராய்ச்சி நிலையம் இருந்த காலத்துப் பெயர் அது. இவை தூய நாட்டுக்கோழி இல்லைதான். ஆனால் அங்கே யாரும் அப்படிச் சொல்லி விற்பதும் இல்லை. எத்தனை முட்டை, எவ்வளவு எடை என்பது முன்கூட்டியே தெரியும். ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டும்: கலப்பினத்தின் குஞ்சுகள் பெற்றோரைப்போல வராது, குணங்கள் சிதறிவிடும். அடுத்த தலைமுறைக்கு மறுபடி அங்கேதான் போக வேண்டும்.

வேலப்பன்சாவடியிலிருந்து போவதானால் மதுரவாயல் பைபாஸ் பிடித்துப் புழல் வழியாக மாதவரம் பால்பண்ணை. பல்கலைக்கழகத்தின் கோழியினப் பிரிவு அங்கே. போவதற்கு முன் போன் செய்து இருப்பைக் கேட்டுக்கொள்வது நல்லது, கேட்ட அன்றே குஞ்சு கிடைக்காது. பல்கலைக்கழகத்தின் இன்னொரு நிலையம் காட்டுப்பாக்கத்தில் இருக்கிறது. நம் பக்கத்து ஆட்கள் அதைக் கேட்டதும் பூந்தமல்லிக்கு அருகிலுள்ள காட்டுப்பாக்கத்துக்கு ஆட்டோ பிடித்துவிடுகிறார்கள். அது வேறு. நிலையம் இருப்பது பொத்தேரி பக்கத்துக் காட்டுப்பாக்கம். பெயர் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்று என்று நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

தனியாரிடம் வாங்குவது தவறில்லை. கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். தாய்க்கோழிகளைப் பார்க்க முடியுமா? பொரித்த தேதி என்ன? ஆண், பெண் பிரித்ததா, கலந்ததா? முதல் நாள் மேரெக் நோய்த் தடுப்பூசி போட்டாரா? பில்லில் இனப் பெயரை எழுதித் தருவாரா? ஏமாற்றுகிறவர் முதல் கேள்விக்கே "பண்ணை ரொம்ப தூரம் சார்" என்பார்.

தாய்க்கோழியைப் பார்க்கச் சொல்வது இனத்துக்காக மட்டுமல்ல. முட்டைக்குள்ளேயே தாயிடமிருந்து குஞ்சுக்கு வருகிற நோய்கள் உண்டு. சால்மோனெல்லா புல்லோரம் என்ற பாக்டீரியா அவற்றில் ஒன்று. அதை ஒழிப்பதற்கென்றே அமெரிக்கா 1935இல் தாய்க்கோழிகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்யும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. இங்கேயும் ஒரு பெயர்க் குழப்பம். புல்லோரம் வந்த குஞ்சும் வெள்ளையாகக் கழியும். நம் மக்கள் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்வது வேறு, அது ராணிக்கெட் என்ற வைரஸ் நோய். பெயர் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கெட் ஊரிலிருந்து வந்தது. புல்லோரத்துக்குச் சுத்தமான தாய் வேண்டும். ராணிக்கெட்டுக்குத் தடுப்பு மருந்து இருக்கிறது: முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி வாக்கில் இலவச முகாம் நடத்துகிறது. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் தேதி சொல்வார்கள்.

முதன்முறை வளர்ப்பவர்கள் ஒரு நாள் குஞ்சை வாங்காமல், தடுப்பூசி போட்டு ஒரு மாதம் வளர்த்த குஞ்சை வாங்கலாம். விலை கூடும், சாவு குறையும். எங்கே வாங்கினாலும் புதிய கோழியைப் பழைய கோழிகளோடு உடனே விடாமல் இரண்டு மூன்று வாரம் தனியே அடைத்து வைக்க வேண்டும்.

விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு நடுகல் உண்டு. ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டு. சண்டையில் மாண்ட ஒரு சேவலுக்கு எடுத்த கல் அது. சேவலின் உருவத்தோடு, அது எந்த ஊரின் எந்தச் சேரிக்காகப் பொருதியது என்றும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு சேவல் எங்கிருந்து வந்தது என்பதைக் கல்லில் எழுதிய நாடு இது. நாம் கேட்பது ஒரு துண்டுக் காகிதம்.

அக்கா கடைசியில் திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போனார். அங்கே அடையிலிருந்து எழுந்து குஞ்சுகளோடு திரிந்த தாய்க்கோழியை நேரில் பார்த்து, அதன் மகள் ஒன்றை வாங்கி வந்தார். தை மாதம் அது அடைக்குப் படுத்தது. பன்னிரண்டு முட்டை வைத்ததில் 21ஆம் நாள் ஒன்பது பொரித்தது. நாலு சேவல், ஐந்து பெட்டை.